நடுவர் மேசையில் சொந்தக்காரர் வேண்டாம்

ஆசிரியருக்கு,

தமிழ்மொழித்தினப் போட்டிகள் வந்தால் எங்கள் பக்கத்தில் அதே முணுமுணுப்புத்தான்: நடுவர் அந்தப் பிள்ளையின் ரியூசன் வாத்தியாராம். உண்மையோ பொய்யோ, தோற்ற பிள்ளைக்கு அதுதான் மனதில் நிற்கும். கல்விக் கோட்ட மட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், சரி. அப்படியானால் கல்குடா கல்வி வலயத்துக்குப் பட்டிருப்பிலிருந்தும், கல்முனைக்குத் திருக்கோவிலிலிருந்தும் நடுவர்களை அழைக்கலாமே! பஸ் காசு பெரிய செலவா? தன் மாணவர் மேடையேறினால் நடுவர் தானாகவே விலக வேண்டும். ஒலிம்பிக்கின் தனிநபர் டைவிங்கில் 7 நடுவர்களின் புள்ளிகளில் கூடிய இரண்டையும் குறைந்த இரண்டையும் தள்ளிவிடுகிறார்கள். மூன்று பேரை வைத்துக்கொண்டு நாம் அதைச் செய்ய முடியாது. ஒவ்வொருவரும் கொடுத்த புள்ளியையாவது முடிவுகளோடு அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

ஒரு பெற்றோர்,
களுவாஞ்சிக்குடி