மணி அடிச்சா சுத்து

அன்புள்ள நாகப்பட்டினத்து ஐயாவுக்கும், சனிக்கிழமை கால்வெஸ்டன் விரிகுடாக் கரையில் வாடையில் விறைத்துக்கொண்டு நின்ற அத்தனை பேருக்கும்,

வணக்கம். எலுமிச்சம்பழம் தேய்த்தும் கையிலிருந்து இறால் கவிச்சி இன்னும் போகவில்லை. அது போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன ஆயிற்று என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாடையில் படகுகள் போக முடியாது என்று ஆனதும், அறிவுசார் குறைபாடு உள்ள வீரர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பின் மீன்பிடிப் போட்டி மாநிலப் பூங்காவின் மீன்பிடி மேடைக்கு மாறியது. டெக்சாஸில் மாநிலப் பூங்காவின் கரையிலோ மேடையிலோ நின்று பிடிக்க மீன்பிடி உரிமம் தேவையில்லை. கடைசி நேரத்தில் அது ஒரு பெரிய தலைவலியைக் குறைத்தது. ஆனால் தூண்டில்கள்? 36 தூண்டிலும் படகுக்கென்று கட்டியவை. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய மிதவை, அதன் கீழே இரண்டு அடி நரம்பு (தூண்டில் இழை), நுனியில் கொக்கி. படகோட்டி வாகான இடத்தில் நிறுத்தி எறிந்து கொடுத்தால் அதைவிட நல்ல அமைப்பு இல்லை. மேடையில், வடக்குக் காற்றில், அந்த மிதவை பாய்மரம் மாதிரி ஓடும். பக்கத்து நரம்போடு பின்னிக்கொள்ளும். இரண்டு தூண்டில் சிக்கினால் பத்து நிமிஷம் போச்சு. 18 தூண்டில் வரிசையாக நின்றால் அன்றைக்கு முழுக்கச் சிக்கெடுக்கும் போட்டிதான்.

ஐயா, மகள் வீட்டுக்கு வந்து நாலு மாதமாகிறது உங்களுக்கு. அன்று வந்தது மடக்கு நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக் கொடுக்க. ஏற்றி முடித்துவிட்டுத் தூண்டில் குவியலைப் பார்த்தீர்கள். "நாளைக்கு வாடைதானே?" என்று கேட்டுவிட்டு, கார் ஷெட் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தீர்கள். அப்போது மணி ஏழரை. எழுந்தபோது ஒன்றே முக்கால். அதற்குள் நீங்கள் செய்ததை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறோம். நன்றிக்காக மட்டுமல்ல, அடுத்த முறை யார் கட்டினாலும் இப்படித்தான் கட்ட வேண்டும் என்பதற்காகவும்.

முதலில் மிதவைகளை அறுத்தெறிந்தீர்கள். பிறகு நரம்பு. நம் தூண்டில்களின் சுருள் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை), பொத்தானை அமுக்கி விட்டால் நரம்பு இறங்கும் ரகம். ஓக்லஹோமாவின் டல்சா நகரத்து ஸெப்கோ கம்பெனி இப்படி மூடி போட்ட சுருள்களை 1949-இலிருந்து செய்து வருகிறது. வெடிகுண்டுக் கருவி செய்த கம்பெனி தூண்டில் சுருள் செய்யப் போனது தனிக்கதை. ஒற்றைக் கட்டைவிரலால் வேலை செய்யலாம் என்பதால் நம் வீரர்களுக்கு இதுதான் தோது. இதன் குறை, மூடி போட்டிருப்பதால் உள்ளே என்ன சிக்கல் என்று வெளியே தெரியாது. நீங்கள் 36 மூடியையும் திருகிக் கழற்றினீர்கள். ஆறு சுருளில் நரம்பு விளிம்பு வரை நிறைத்திருந்தது. அப்படி இருந்தால் பொத்தானை விட்டதும் நரம்பு கொத்தாகச் சரிந்து மூடிக்குள்ளேயே முடிச்சாகும். அவற்றில் கொஞ்சம் உருவி எடுத்தீர்கள். எல்லாவற்றிலும் நுனி மூன்றடியை விரலால் நெருடிப் பார்த்து, சொரசொரப்பு தட்டிய இடத்தோடு வெட்டினீர்கள்.

அடுத்து, இழுவைத் திருகு, அதாவது மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் சுருள் வழுக்கி நரம்பை விட வேண்டும் என்று வைக்கும் திருகு. அனுபவஸ்தர்கள்கூட இதை ஏதோ குத்துமதிப்பாகத்தான் வைக்கிறார்கள். நீங்கள் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டித் தூக்கினீர்கள். பாட்டில் மேலே வர வேண்டும், கொஞ்சம் வெடுக்கென்று தூக்கினால் சுருள் வழுக்க வேண்டும். 12 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்புக்கு அதுவே அளவு. இறுக்கிவிட்டால் முடிச்சில் அறும். தளர்த்திவிட்டால் கைப்பிடி சுற்றும், மீன் வராது. அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு இரண்டாவதுதான் மோசம். சொன்னபடியே சுற்றுகிறார், ஒன்றும் நடக்கவில்லை, அடுத்த முறை சுற்றச் சொன்னால் ஏன் சுற்ற வேண்டும்?

பிறகுதான் கட்டு. நரம்பின் அடியில் ஒன்றரை அவுன்ஸ் பிரமிட் ஈயம். உருண்டை ஈயம் நீரோட்டத்தில் உருளும், பட்டையாக முனை வைத்தது சேற்றில் குத்தி நிற்கும். ஈயத்துக்கு ஓரடி மேலே, ஆறு அங்குலக் கிளை நரம்பு ஒன்றே ஒன்று. அதுவும் 20 பவுண்டு தாங்கும் தடித்த நரம்பு. மெல்லிசாக இருந்தால் தாய் நரம்பைச் சுற்றிக்கொள்ளும், தடித்தது விறைப்பாக விலகி நிற்கும். அதன் நுனியில், முனை உள்நோக்கி வளைந்த சின்ன வட்டக் கொக்கி, இரண்டாம் எண். இன்னும் பெரிசாகப் போடலாமே என்று கேட்டவர்களுக்கு உங்கள் பதில்: "பெரிய மீனு ஒருத்தருக்குத்தான் மாட்டும் தம்பி. சின்ன மீனு எல்லாருக்கும் மாட்டும்."

வட்டக் கொக்கியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் வாயிலிருந்து வழுகி வெளியே வந்துவிடும். மீன் கவ்விக்கொண்டு திரும்பும்போது, நாம் மெதுவாகச் சுற்றினால் அதுவே கடைவாயில் போய் மாட்டும். சாதாரணக் கொக்கிக்கு ‘கடித்ததும் இழு' என்று நேரம் பார்த்துச் சொல்லித்தர வேண்டும். இதற்கு ஒரே வேலை, சுற்றுவது. கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை ஒவ்வொன்றாகக் குறடால் நசுக்கினீர்கள். மனிதர் விரலில் ஏறினாலும் வந்த வழியே கழன்றுவிடும். அதனால் சுற்றுவதை நடுவில் நிறுத்தியவர்களுக்குச் சில மீன் கழன்று போனது உண்மைதான். போகட்டும்.

"எறிய வேணாம், எறக்குனா போதும்" என்றதும் நீங்கள்தான். மேடைக் கால்களை ஒட்டித்தானே மீன் இருக்கிறது! எறிவதை விட்டதால் பின்னால் நிற்பவர் காதில் கொக்கி மாட்டும் பயமே இல்லாமல் போயிற்று. வாடை அடித்தால் விரிகுடாத் தண்ணீர் கடலுக்கு வடிந்துவிடும், கரையோரம் முழங்கால் ஆழம்கூட மிஞ்சாது என்பதையும் முன்கூட்டியே சொல்லி, எல்லாரையும் மேடையின் வெளிப்பாதியில் நிறுத்த வைத்தீர்கள். காலையில் பார்த்தால் உள்பாதியில் சிப்பிப் பாறை தலைநீட்டிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் கைத்தேர்ச்சி. அதற்கு மேல் ஒன்று செய்தீர்கள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தோன்றவும் இல்லை.

மீன் கடித்தால் தூண்டில் நுனி துடிக்கும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் வீரர்களில் பாதிப் பேருக்கு அது ஆகிற காரியம் இல்லை. பெலிகன் பறக்கிறது, தண்ணீர் மினுங்குகிறது, கண் அங்கே போகும். காற்றில் நுனி சும்மாவே ஆடும்போது எது காற்று, எது கடி என்பது நமக்கே தெரிவதில்லை. இரவு பதினொன்றரைக்கு உள்ளே போய்ப் பேத்தியின் பழைய சலங்கையைக் கொண்டுவந்தீர்கள். கால் வளர்ந்து போட முடியாமல், தோல் வெடித்துக் கிடந்த சலங்கை. பேத்தியே கத்தரிக்கோல் பிடித்துத் தையலைப் பிரித்தாள். தூண்டிலுக்கு ஒரு மணி.

நுனியில் கட்டவில்லை. நுனியில் கட்டினால் வாடைக்கு ஓயாமல் கிணுகிணுக்கும் என்று, கைப்பிடிக்கு மேலே இரண்டாவது வளையத்துக்குக் கீழே, மேடையின் தடுப்புப் பலகை காற்றை மறைக்கும் உயரத்தில் கட்டினீர்கள். பித்தளை மணி கனமானது. காற்றின் நடுக்கத்துக்கு அசையாது, மீன் வெட்டி இழுத்தால் கிணுங்கும். இப்படியாக, பயிற்சிக் காகிதத்தில் ஒன்றரைப் பக்கம் இருந்த வழிமுறை மூன்று சொல்லாயிற்று. மணி அடிச்சா சுத்து. வீரர்களுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னோம். மதியத்துக்குள் பாதிப் பேர் தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தார்கள்.

முதல் அரைமணி நேரம் கூத்துதான். ஒரு மணி அடித்தால் பக்கத்தில் நாலு பேர் சுற்றினார்கள். எட்டடி இடைவெளி விட்டும் அப்படித்தான். அதில் ஒரு லாபமும் இருந்தது. தூக்கிய தூண்டிலில் பாதிக்கு மேல் இரை காணாமல் போயிருந்தது. முழு இறாலை மாட்டினால் சின்ன மீன்கள் கொறித்தே தீர்த்துவிடும். ஓட்டை உரித்து அரை அங்குலத் துண்டாக நறுக்கி, கொக்கி முனை மட்டும் வெளியே தெரிய மாட்டினால் நிற்கும். அதைவிடக் கணவாய்த் துண்டு நிற்கும். ஒன்பது மணிக்கு மேல் கணவாய்க்கு மாறினோம். சத்தம் தாங்காத மூன்று பேருக்கு மணிக்குள் பஞ்சை அடைத்து, சிவப்பு நூல் கட்டி, கூட நிற்பவர் தோளைத் தொட்டுச் சொன்னார்.

இன்னொன்று. முதலில் எல்லாரையும் ‘பிள்ளைங்க' என்றுதான் சொன்னீர்கள். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் சுருக்கென்கிறது. இந்த அமைப்பில் எட்டு வயதிலிருந்து போட்டியிடலாம், மேல்வரம்பு கிடையாது. நரைத்த தலை ஒருவர் தமக்கு ஐம்பத்திரண்டு வயது என்றதும், அடுத்த நிமிஷத்திலிருந்து அவர் உங்களுக்கு "வாங்க தம்பி, உக்காருங்க தம்பி" ஆகிவிட்டார். அவருடைய முதல் மீன் மேலே வந்து கர்ர் கர்ர் என்றபோது பார்க்காமலே சொன்னீர்கள், "கத்தாளை." ஆமாம், இங்கே குரோக்கர் என்பது கத்தாளைக் குடும்பம்தான். காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்து அந்தச் சத்தம் போடும்.

கெளுத்தி பற்றி நீங்கள் சொன்னதைத் தனியாகக் குறித்து வைக்கிறோம். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மூன்றும் விஷமுள். வெறுங்கையால் தொடக் கூடாது, நீளக் குறடால்தான் கழற்ற வேண்டும். நான்கு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னபோது காபிக்கென்று நினைத்தோம். குத்துப்பட்டவர் ஒரே ஒருவர், அதுவும் ‘இதெல்லாம் எனக்குத் தெரியும்' என்ற ஒரு தொண்டர். கையைத் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் வைத்தார். 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது, அரைமணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட கைக்கு வலியில் சூடு தெரியாது. வலியைச் சொல்லத் தெரியாதவருக்கு என்றால் கூட இருப்பவர் தன் முழங்கையால் பார்க்க வேண்டும். முள் உள்ளே முறிந்திருக்கலாம் என்பதால் பிறகு மருத்துவரிடமும் போகத்தான் வேண்டும். போனார்.

கெளுத்திக்கும் மதிப்பெண் உண்டா என்று முகம் சுளித்தவர்களுக்கு: உண்டு. ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி, எந்த மீனாக இருந்தாலும்.

மற்ற எல்லாருக்கும் ஒரே மூச்சில் நன்றி. விடியுமுன் வாயிலைத் திறந்து வைத்த பூங்கா ஊழியர்கள். சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்து கணவாய் நறுக்கிய காவலர்கள். 1981-இல் கான்சாஸின் விச்சிட்டாவில் ஒரு காவல்துறைத் தலைவர் இந்த அமைப்புக்கு ஆதரவு திரட்டத் தொடங்கிய தீப ஓட்டத்தின் வழிவந்தவர்கள் அவர்கள். மீனைத் தொடாத வீட்டிலிருந்து வந்து, அளவுப் பலகையை நனைத்துக்கொண்டே இருந்த கல்லூரிப் பெண்கள். காய்ந்த பலகையில் வைத்தால் மீனின் வழவழப்புப் பூச்சு உரிந்துவிடும், விட்டாலும் பிழைப்பது கடினம். அளந்து, படம் எடுத்து, மேலிருந்து வீசாமல் கூடைவலையில் இறக்கி விட்ட இரண்டு மீன்பிடிப் பைத்தியங்கள். முதல் அணிக்கும் இரண்டாம் அணிக்கும் நடுவில் சூடாக இட்லி வந்து சேரக் காரணமானவர்கள். படகு போக முடியாமல் போனதும், கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்காத அத்தனை படகு அணிகள்.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமில்லை. 1968-இல் சிகாகோவில் முதல் போட்டி நடந்த அமைப்பு இது. கலந்துகொள்ளும் வீரரிடமோ குடும்பத்திடமோ காசு வாங்குவதில்லை என்பது அதன் விதி. பயிற்சி மைதானம், பயண வண்டி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் இப்படி யாராவது மீன் பிடித்து, ஓடி, கேக் விற்றுச் சேர்க்கும் பணத்தில்தான்.

இனி எங்கள் பங்கு. தூண்டில்களை ஞாயிறன்றே நல்ல தண்ணீரில் கழுவியாயிற்று. பீய்ச்சி அடிக்காமல் மெதுவாக ஊற்றித்தான் கழுவினோம், பீய்ச்சினால் உப்பு உள்ளே போய் உட்காரும். இழுவைத் திருகை முழுக்கத் தளர்த்தி வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே கட்டுதான், இதே மணிதான். மிதவைக்குத் திரும்பப் போவதில்லை.

பேத்திக்கு: 36 மணியில் 34 திரும்பி வந்திருக்கிறது. ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. இன்னொன்றை ஐம்பத்திரண்டு வயதுத் தம்பி இடுப்பு வாரில் கட்டிக்கொண்டு போய்விட்டார், கேட்க மனம் வரவில்லை.

ஐயா, ஒரே ஒரு கோரிக்கை. அந்தக் கிளை நரம்பு முடிச்சை மூன்று பேர் பிரித்துப் பார்த்துக் கட்டிப் பார்த்தாயிற்று, ஒருத்தருக்கும் வரவில்லை. நாங்கள் கட்டியதில் ஒன்று வழுக்குகிறது, இன்னொன்று தாய் நரம்பையே நறுக்குகிறது. ஊருக்கு விமானம் ஏறுமுன் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். செல்போனைப் பக்கத்தில் நிறுத்தி வைக்கிறோம், மெதுவாக ஒரே ஒரு தடவை கட்டிக் காட்டுங்கள். நரம்பு, கொக்கி, குறடு நாங்கள் கொண்டுவருகிறோம். சாக்கு உங்களிடம் இருக்கிறது.

நன்றியுடன்,
தூண்டில் மேசைத் தொண்டர்கள்