கொல்லம் 1110 வேறு, கிபி 1110 வேறு

குமரி மாவட்டத்துப் பழைய பத்திரங்களையும் பதிவேடுகளையும் பொருளுணர் வலைக்காக, அதாவது கணினியும் பொருள் புரிந்து படிக்கும் இணையத்துக்காக, ஆர்டிஎஃப் என்ற வடிவத் தரவாக மாற்றிவரும் நிரலாளர்களுக்கு,

வணக்கம். கல்குளம் தாலுகாவில் எங்களுக்கு 17 சென்ட் தென்னந்தோப்பு உண்டு. அதன் கிரயப் பத்திரத்தில் '1110 தை' என்று மை மங்கிப்போன எழுத்தில் இருக்கிறது. அது கொல்லம் ஆண்டு. ஆங்கிலக் கணக்கில் 1935. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைவதற்கு முன் இந்த மண்ணில் புழங்கிய கணக்கு அது. உங்கள் மாதிரிக் கோப்பில் அந்த 1110, எக்ஸ்எஸ்டி ஜிஇயர் (xsd:gYear) என்ற தரவு வகையோடு நிற்கிறது. அந்த வகை கிரிகோரியன் ஆண்டுக்கு மட்டுமே உரியது. நான்கு இலக்கம் சரியாக இருப்பதால் நிரல் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது. எங்கள் தோப்பு ஒரே வரியில் 825 ஆண்டு பின்னே போய்விட்டது.

ஒக்கிப் புயல் அடித்த தேதியை '30/11/2017' என்று எழுதி, அதற்குத் தேதி வகை (xsd:date) கொடுத்திருந்தால் இந்த ஆபத்து இல்லை. அந்த வகைக்கு 2017-11-30 என்ற வடிவம்தான் செல்லும். வடிவத்தைச் சரிபார்க்கும் நிரல் பிழை என்று எச்சரிக்கும், நீங்களும் திருத்துவீர்கள். வடிவம் சரியாகவும் பொருள் தவறாகவும் இருப்பதை எந்த நிரலும் பிடிக்காது. அங்கே மனிதக் கண்தான் வேண்டும்.

பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தையும் பாருங்கள். '42.30 அடி' என்று வெறும் சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, ஏற்றியிருக்கிறீர்கள். 40-க்கு மேல் போன நாட்களை ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் கேட்டால், சரத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாமல் அந்த வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுகின்றன. பெரியது முதலாக வரிசைப்படுத்தினாலோ 9.50 என்பது 42.30-க்கு மேலே போய் உட்காருகிறது. முழுக் கொள்ளளவே 48 அடிதான் என்றறிந்த விவசாயி இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? எண்ணுக்கு டெசிமல் (தசம எண்) வகை கொடுங்கள். அடி என்பதைத் தனிப் பண்பாக வையுங்கள்.

நிலத்தின் சர்வே எண் இதற்கு நேர்மாறானது. விரிதாள் வழியாக வந்த 5/12 டிசம்பர் 5 ஆகிவிட்டிருக்கிறது. அது என்றென்றும் சரமாகவே இருக்கட்டும்.

பத்திரத்தில் உள்ள எழுத்தை அப்படியே ஒரு பண்பில் காப்பாற்றுங்கள். எந்த ஆண்டுக் கணக்கு என்பதை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைக்கிறது. மாதம் தெரியாத பதிவுக்கு ஒற்றை ஆங்கில ஆண்டைத் தீர்மானித்துப் போடாதீர்கள். எங்கள் பத்திரத்தில் மாதம் இருக்கிறது. மூலத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
கல்குளத்துக்காரன் ஒருவன்