ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள்: எங்கள் அடுக்குமாடி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மின்தூக்கி பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். வீட்டைச் சரியாகச் சுத்தம் செய்யாததால்தான் சுவரில் பூஞ்சை வருகிறதாம், குடியிருப்பாளர்கள் கவனமாக இருக்க வேண்டுமாம். பி புளோக்கின் பொதுக் குழாய் ஒழுகுவது உங்களுக்குத் தெரியும். புகார்க் கடிதங்கள் உங்கள் அலுவலகக் கோப்பில்தான் இருக்கின்றன. அந்தக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. சுத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

என் மகனுக்கு ஏழு வயது, ஆஸ்துமா இருக்கிறது. படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியும் பூஞ்சையும் அவனுக்கு ஆகாது என்று மருத்துவமனையில் தோலில் சோதித்துச் சொன்னார்கள். அதன்பிறகு மெத்தைக்கும் தலையணைக்கும் பூச்சி புகாத உறை போட்டோம். படுக்கை விரிப்புகளை வாரம் தவறாமல் 60 டிகிரி சுடுநீரில் துவைக்கிறோம். பச்சைத் தண்ணீரில் அழுக்கு போகும், பூச்சி சாகாது. கம்பளத்தையும் துணித் திரைச்சீலைகளையும் எடுத்துவிட்டோம். விளக்குமாற்றால் பெருக்கினால் தூசு எழும்பி மறுபடி படுக்கையில்தான் வந்து உட்காரும் என்பதால் ஈரத் துணியால் துடைக்கிறோம். நுண்ணிய தூசையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்கும்தான் போடுகிறோம், அதுவும் அவன் பள்ளிக்குப் போன பிறகுதான். அவனுடைய கரடிப் பொம்மைகூட ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் இருந்துவிட்டு, துவைத்த பிறகே அவன் கைக்கு வரும். குளிரில் பூச்சி செத்தாலும் அதன் எச்சம் துணியில் இருக்குமே, ஒவ்வாமையைக் கிளப்புவது அந்த எச்சம்தான்.

சரி, இவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? குழாய் ஓடும் அந்த ஒரு சுவர் நனைந்தபடியே இருக்கிறது, அது அவன் படுக்கையறைச் சுவர். தூசிப்பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சி வாழ்கிறது. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால் அது காய்ந்து செத்துவிடும். கோலாலம்பூர்க் காற்றில் சாதாரணமாகவே 80 விழுக்காடு அளவுக்கு ஈரம் உண்டு. அதற்கு மேல் சுவரே கசிந்தால் நாங்கள் என்ன செய்வது? ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறோம். தொட்டி நிறைகிறது, கொட்டுகிறோம், சுவர் திரும்ப நனைகிறது.

பூஞ்சையும் சுவரின் மேற்பரப்போடு நிற்கவில்லை, சாந்துக்குள்ளே இழை விட்டிருக்கிறது. குளோரோக்ஸ் வெளுப்புத் திரவம் போட்டுத் தேய்த்தால் குளியலறை ஓட்டில் போகும், ஊறிய சாந்தில் போகாது. அந்த வாடையே அவனுக்கு இருமலைக் கொண்டுவந்துவிடும். நீங்கள் ஒருமுறை ஆள் அனுப்பிச் சாயம் அடித்துக் கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. புதுச் சாயத்தின் மேலேயே கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன.

இரவில்தான் நாங்கள் படாத பாடு படுகிறோம். அவன் அறையைப் பூட்டிவிட்டோம். கூடத்தில் மெத்தை விரித்து அவனை நடுவில் படுக்க வைக்கிறோம். மழை பெய்த இரவுகளில் படுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் விசில் சத்தம் தொடங்கிவிடும். அப்புறம் அவனால் படுக்க முடியாது, என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவான். அவன் அப்பா டார்ச் அடித்து, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குகிறதா என்று பார்ப்பார். மூச்சுத் திணறலை உடனே தணிக்கும் நீல இன்ஹேலர் போதுமா, அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். காலையில் வகுப்பில் தூங்குகிறான் என்று ஆசிரியை சொல்கிறார். இப்படி விடிகிற வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சுத்தமாக இருங்கள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்தக் குழாய் பொதுச் சொத்து. அதைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு என்று அடுக்குமாடிகளின் நிர்வாகத்துக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் சொல்கிறது. மாடிகளுக்கு இடையே ஒழுகுவதாகப் புகார் வந்தால் ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தோடு, பெரிய பழுதுகளுக்காகச் சேர்க்கும் சிங்கிங் ஃபண்டும் தவறாமல் கட்டுகிறோம். காவலர் சாவடிக்குப் புதுச் சாயம் அடிக்கவும் நுழைவாயிலில் அலங்கார விளக்கு போடவும் பணம் இருந்தது, குழாய்க்கு மட்டும் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்கிறீர்கள். கீழே குப்பை அறையின் கதவு உடைந்து கிடக்கிறது. அங்கே பெருகும் கரப்பான்பூச்சிகள் குழாய்கள் மேலேறும் பொந்து வழியாக மாடி மாடியாக ஏறி வருகின்றன. அவற்றின் எச்சமும் உதிர்ந்த ஓடும் ஆஸ்துமாவைத் தூண்டும். நான் தினமும் அடுப்படியைத் துடைத்து, சோற்றுப் பருக்கைகூட இல்லாமல் வைத்திருந்தாலும் அவை வரத்தான் செய்யும். எங்களுக்கு மேல் வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும் கீழ் வீட்டுச் சீனத் தாத்தாவுக்கும் இதே சுவர்தான், இதே இருமல்தான். மூன்று குடும்பமும் சுத்தம் தெரியாதவர்களா?

கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குழு வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்பது ஒன்றுதான்: குழாயைச் சரிசெய்யுங்கள். பொந்தைத் திறந்து, எந்த மூட்டில் ஒழுகுகிறது என்று பார்த்து மாற்றுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, ஊறிப்போன சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசிக் கொடுங்கள். காய்வதற்கு முன் தயவுசெய்து சாயம் வேண்டாம்.

எந்தத் தேதியில் ஆள் வருவார்கள் என்று எழுத்தில் தெரிவித்தால் போதும். சுரண்டும் தூசு வீட்டுக்குள் பரவாமல் அறைக் கதவைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்துவிடுகிறேன், மகனை அன்று பங்சாரில் என் அக்கா வீட்டில் விட்டுவிடுகிறேன். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பி புளோக்கில் குடியிருக்கும் ஒரு தாய்
செந்தூல், கோலாலம்பூர்