மஞ்சள் பூசிய கார்

அன்புள்ள விஜி,

நீ ஜூலையில் கேட்டதற்குச் செப்டம்பரில் பதில் எழுதுகிறேன், திட்டாதே. "காரில் மூடுபனிக்குப் போடற ஃபாக் லைட்டுக்கு மஞ்சள் ஃபிலிம் ஒட்டினியே, எப்படிடி இருக்கு, நானும் ஒட்டட்டுமா" என்று கேட்டாய், நான் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடிவிட்டேன். அந்தக் கட்டைவிரலை வாபஸ் வாங்கத்தான் இந்தக் கடிதம். முழுசாக இல்லை, பாதி.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே. பாரதி ப்ளஸ் டூ, அதனால் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட முடியாது.

ஒட்டிய கதையே உனக்குத் தெரியாதே. கடையில் கேட்டால் ஆயிரத்துச் சொச்சம் சொன்னான். இதுக்கு எதுக்கு ஆயிரம் என்று பாரதியின் கிளாஸ் பெயின்டிங் பாட்டிலை எடுத்து இரண்டு லைட்டுக்கும் பிரஷ்ஷால் பூசிவிட்டேன். காய்ந்ததும் அசல் மாதிரியே இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஒரு மழை பெய்தது பார், பம்பர் முழுக்க மஞ்சள் தண்ணி வழிந்து, மஞ்சள் நீராட்டு முடிந்த பெண் மாதிரி நிற்கிறது வண்டி. அவர் "அயர்ன் பாக்ஸ் தோசை" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்னுடைய அந்தப் பழைய கூத்தை அவரிடம் சொன்னது நீயா, கயலா? உண்மையைச் சொல்.

அப்புறம்தான் ஃபிலிம் வாங்கினேன். கண்ணாடியை சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, செடிக்குத் தண்ணி அடிக்கிற பாட்டிலில் ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு நன்றாக ஈரமாக்கி, அதன்மேல் ஃபிலிமைப் போட்டால் வழுக்கிக்கொண்டே இருக்கும், இஷ்டத்துக்கு நகர்த்தலாம். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஏடிஎம் கார்டால் தண்ணியைத் தள்ளணும். வளைவான ஓரம்தான் படுத்தும். பாரதியின் ஹேர் டிரையரைக் காட்டினால் ஃபிலிம் இளகி இழுத்த இழுப்புக்கு வரும், ஆனால் கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். இடது பக்கம் சுருண்டது, கொப்புளம் வேறு. வலது பக்கம் அற்புதம். இடதைப் பிய்த்து மறுபடி ஒட்டி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ராத்திரி லைட்டைப் போட்டுப் பார்த்தேன். என்ன அழகுடி அது! ராலி காரில் வருகிற மாதிரி! அந்தக் குஷியில் இருந்தபோதுதான் உன் கேள்வி வந்தது.

ஆகஸ்டில் வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஒன்பதாவதில் வழக்கம்போல வரையாடு, வழக்கம்போல அம்மா வாந்தி. கவர்க்கல் வந்ததும் மூடுபனி அப்படியே இறங்கிவிட்டது. அம்மாவும் அவரும் தூக்கம். நான் மஞ்சள் லைட்டைப் போட்டேன், ரோடு இதமாகத் தெரிந்தது. அந்த "இதமாக"தான் வினை. மஞ்சள் இருக்கு, நமக்கென்ன என்று 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன். தேயிலைக்காட்டு வேலை முடிந்து நாலைந்து பெண்கள் ரோட்டு ஓரமாக வந்துகொண்டிருந்தார்கள், தலையோடு சாம்பல் நிற பிளாஸ்டிக் ஷீட் போர்த்திக்கொண்டு. பனியும் அவர்களும் ஒரே நிறம். எனக்குத் தெரிந்தபோது கடைசியில் நடந்த பெண் பானெட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். எப்படி ஒடித்தேன் என்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம். அவரும் அம்மாவும் எழுந்திருக்கவேயில்லை, உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். பிரேக்குக்குக் கால் போவதற்குள்ளேயே அந்த 11 மீட்டர் போய்விடும், ஈர ரோட்டில் நிற்பதற்கு அதற்கும் மேலே. எனக்குக் கண்ணுக்குத் தெரிந்ததே பதினைந்து மீட்டர் இருந்தால் அதிகம்.

ஊருக்கு வந்ததும் உட்கார்ந்து படித்தேன், ஃபிசிக்ஸில் நான் வாங்கிய மார்க் உனக்குத் தெரியும். வானம் நீலமாக இருப்பது காற்றில் இருக்கிற மூலக்கூறுகள் மிகச் சிறியவை என்பதால். அவை நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். மூடுபனித் துளி அப்படியில்லை, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிசு, அதற்கு மஞ்சளும் ஒன்றுதான் வெள்ளையும் ஒன்றுதான். "மஞ்சள் பனியைத் துளைத்துக்கொண்டு போகும்" என்று கடைக்காரன் சொன்னானே, அது சும்மா. ஃபிலிம் நீலத்தை வடிகட்டுவதால் கண் கூசுவது குறைகிறது, அந்த இதம் நிஜம். ஆனால் வடிகட்டிய அளவுக்கு வெளிச்சமும் குறைகிறதே! என்னுடையது ஹாலஜன் பல்ப், பாதி மஞ்சள் ஏற்கெனவே. உன்னுடையது நீலம் அடிக்கிற வெள்ளை எல்இடி என்றால் உனக்கு வித்தியாசம் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். ஃபிரான்சில் 1993 வரை காரின் முன்விளக்கே மஞ்சளாகத்தான் இருக்கணும் என்று சட்டம் இருந்ததாம், உன் ஃபிரெஞ்சு மாஸ்டர் இதைச் சொல்லியிருந்தால் மூன்றாம் நாளே ஓடியிருக்கமாட்டாய்.

அதைவிடக் கேவலம் ஒன்று. ஃபாக் லைட்டின் சூட்சுமமே அது தாழ்வாக இருந்து, அகலமாக, தட்டையாக, நம் பார்வைக்குக் கீழே வெளிச்சம் போடுவதுதான். ஹை பீம் போட்டால் வெளிச்சம் மேலே போய்ப் பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும், வெள்ளைச் சுவர் எழும்புவது அதனால்தானே. என் இடது லைட் போன வருஷம் பம்பர் இடித்து மாற்றியதிலிருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது! ஊரெல்லாம் மஞ்சள் தேடி அலைந்தவள் அதைப் பார்க்கவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு லைட் இருக்கிற உயரத்துக்கு ஒரு சாண் கீழே விழுகிற மாதிரி ஸ்க்ரூவைத் திருகினேன். பத்து நிமிஷம், செலவு ஒன்றுமில்லை. போன வாரம் கோத்தகிரி போனபோது அந்தப் பத்து நிமிஷம்தான் உதவியது. 20-க்கு மேல் போகவில்லை, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே செத்தான்.

ஒட்டாதே என்று சொல்லவில்லை. அழகாக இருக்கும், ஒட்டு. டிசம்பரில் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஆக்ரா போவாயே, அப்போது அந்த மஞ்சளை நம்பி மிதிக்காதே, அவ்வளவுதான். உங்கள் ஊரில் பனிக்காலத்துக்கு அங்கே வேக வரம்பை 75 என்று குறைத்துவிடுகிறார்கள், எனக்கு அதுவே வயிற்றைக் கலக்குகிறது. ஓடுகிற வண்டியில் நாலு இண்டிகேட்டரையும் சிமிட்டிக்கொண்டு போகிற கூட்டத்திலும் சேராதே, நிற்கிறாயா போகிறாயா என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? அங்கே வண்டிமேல் வண்டி ஏறுவதெல்லாம் பின்னாலிருந்துதானே. ஃபிலிம் வாங்குவது இருக்கட்டும், முதலில் உன் காருக்குப் பின்பக்கம் சிவப்பு ஃபாக் லைட் இருக்கிறதா, எரிகிறதா என்று பார்த்துச் சொல். இன்றைக்கே பார்.

உன்
சுமதி

பி.கு: ஹேர் டிரையர் விஷயம் பாரதிக்கு இன்னும் தெரியாது.