இங்கே ஐந்தரை, அங்கே இரண்டு மணி

அன்பு மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "எனக்குப் பால் போதவில்லை போலிருக்கிறது அம்மா" என்று நீ சொன்ன அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. 1993இல் அது என் குரலாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் இருவரும் அழுதுவிடுவோம்.

நீ அறுவை சிகிச்சையில் பிறந்தவள். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொன்னார்கள்; உன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைத்தார்கள். மூன்றாம் நாள் நீ விடாமல் அழுதாய். பார்க்க வந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "இவளுக்குப் பாலே இல்லை" என்றார். அன்று மாலையே புட்டி வந்துவிட்டது. புட்டியில் வயிறு நிறைந்ததால் நீ என்னிடம் குடிக்கவில்லை. நீ குடிக்காததால் எனக்குச் சுரக்கவில்லை. நாற்பத்தைந்தாம் நாள் முழுக்க வற்றிவிட்டது. என் உடம்பில்தான் குறை என்று நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

உன் தம்பி பிறந்தபோது எங்கள் ஊருக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். மார்பில் தேங்கினால் இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அவனுக்கு ஒன்றரை வயது வரை கொடுத்தேன். அதே உடம்புதான்.

உன் பிள்ளைக்கு இன்று ஐந்து நாள்தான் ஆகிறது. முதல் நாள் அவளுக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பாலே போதுமானதாக இருந்தது. மார்பு கனத்துப் பால் பெருகுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். உன்னைப் போல் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். 3,100 கிராமாகப் பிறந்தவள் நேற்று 2,900 இருந்தாள் என்று பயந்தாய். பிறந்த எடையில் ஏழு சதவீதம் வரை முதல் சில நாட்களில் குறைவது சாதாரணம். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்ப வேண்டும். அவளுக்கு ஏழு சதவீதம்கூடக் குறையவில்லை, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மார்பை அழுத்திப் பார்த்துப் பால் அளக்காதே. டயப்பரைப் பார். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும், கறுப்பாக இருந்த மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். அவள் விழுங்கும் சத்தம் உனக்குக் கேட்க வேண்டும். மணி பார்க்காமல், கையைச் சூப்பத் தொடங்கியதுமே எடுத்துக் கொடு; பகலும் இரவுமாகச் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு தடவை ஆகும். வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாதே. சுண்டுவிரலை அவள் வாயோரம் விட்டு மெல்ல விடுவித்து, மறுபடி பிடிக்க வை. சாயங்காலம் மணிக்கு மூன்று தடவை கேட்கிறாளே, அதைப் பற்றாக்குறை என்று எண்ணாதே. நாளைக்கு வேண்டிய பாலுக்கு இன்றே சொல்லி வைக்கிறாள்.

உன் மாமியார் வீடியோவில் புட்டி கொடுக்கச் சொல்கிறார் என்றாய். அவரும் நம் காலத்துக்காரர், பேத்தி அழுவதைத் தாங்க முடியாமல் சொல்கிறார். அவரிடம் மரியாதையாகப் பேசு. ஆனால் வீட்டுக்கு வரும் மருத்துவச்சி, அந்த ஹெபாமே, சொல்வதைக் கேள். பிரசவமான வீட்டுக்கு முதல் பத்து நாளும் மருத்துவச்சி தினமும் வந்து பார்க்கும் ஏற்பாடு ஜெர்மனியில் இருக்கிறது என்று நீ சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அப்படி ஒருத்தி இருந்திருந்தால் உனக்கும் கொடுத்திருப்பேன். அந்த மருத்துவச்சியை எதிரே உட்கார வைத்து, பிள்ளை பிடிக்கும் விதத்தைப் பார்க்கச் சொல்.

சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உடம்பிலோ கண்ணிலோ மஞ்சள் கூடினாலோ காத்திருக்காதே, மருத்துவரிடம் ஓடு. அவர் மேல்பால் கொடுக்கச் சொன்னால் கொடு. அது தோல்வி அல்ல. அப்படிக் கொடுக்கும்போது நீயும் பம்பிலோ கையாலோ எடுத்துவிடு, சுரப்பு குறையாமல் இருக்கும்.

பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடு. பெற்ற உடம்புக்குத் தெம்பு வேண்டும். ஆனால் இவற்றைச் சாப்பிடாததால்தான் பால் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. பாலை வரவழைப்பது அவளுடைய வாய்தான்.

இரவுப் பாலை மட்டும் விடாதே. சுரப்புக்கான ஹார்மோன் அப்போதுதான் அதிகமாக இருக்கிறது. அங்கே இரண்டு மணி என்றால் இங்கே ஐந்தரை. நான் வாசல் தெளிக்க எழுந்திருப்பேன். தனியாக இருப்பதாகத் தோன்றினால் கூப்பிடு. பேசக்கூட வேண்டாம், போனை அருகில் வைத்துவிட்டுப் பால் கொடு.

விசா வந்ததும் கிளம்பிவிடுவேன். வியாழக்கிழமை எடை பார்த்ததும் கிராம் எவ்வளவு என்று உடனே அனுப்பு.

அம்மா