2020 வந்துவிட்டது, கனவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘2020-இல் இந்தியா வல்லரசு’ என்று பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள். (கலாம் சொன்னது வளர்ந்த நாடு, வல்லரசு நாமாகச் சேர்த்துக்கொண்டது.) அந்த 2020 இதோ பிறந்துவிட்டது.

புத்தாண்டு அன்று காலை திருப்பாதிரிப்புலியூர் டீக்கடையில் இதே பேச்சுதான். வளர்ச்சி விகிதம் 4.5 சதவீதம், வெங்காயம் கிலோ நூறைத் தாண்டியாச்சு, சந்திரயான்-2ல் அனுப்பின விக்ரம் லேண்டரும் நிலாவில் விழுந்து நொறுங்கிப்போச்சு, இந்த நாடு உருப்படாது என்றார் ஒரு பெரியவர். பக்கத்தில் நின்ற பாலிடெக்னிக் பையன், “அதோட போன ஆர்பிட்டர் இன்னும் நிலாவைச் சுத்திக்கிட்டுதாங்க இருக்கு” என்றான். பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே அவனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்கு ரெண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. 2011 டிசம்பர் 30, ‘தானே’ புயலில் பண்ருட்டி பக்கம் எங்கள் முந்திரித் தோப்பு ஒரே காலையில் வேரோடு சாய்ந்தது. விறகுக்குக் கேட்கக்கூட ஆளில்லை. அடுத்த மழைக்கு ஒட்டுக்கன்று வைத்தோம். நம்பிக்கையெல்லாம் இல்லை, வேறு வழியில்லை. இப்போது காய்க்கிறது, அப்பா வைத்த மரங்கள் அளவுக்கு இல்லை. டிசம்பரில் காற்று பலமாக வீசினால் அம்மா இன்றும் தூங்குவதில்லை.

அடுத்து 2024-25க்குள் ஐந்து லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்கிறார்கள். சரி, ஆகட்டும். அதற்கு முன், 2020 கனவில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று யாராவது ஒரு கணக்கு சொன்னால் தேவலை.

- முந்திரி விவசாயி,
பண்ருட்டி, கடலூர் மாவட்டம்