கொட்டாரத்துக்கு ஆப்னா அது எதுக்குன்னு முதல்ல முடிவு பண்ணு மக்கா

மக்கா,

சொகமா இருக்கியா? ஒனக்க மெசேஜ் வந்து கெடக்கு, பதில் போட நேரமே அமையல. இங்க மழையோட மழை, தம்பி ரப்பர் வெட்ட முடியாம வீட்டுல இருக்கான், அம்மைக்கு முட்டுவலி கொஞ்சம் கொறவுண்டு, மோளு பத்தாங்கிளாஸ் வந்தாச்சு. இனி காரியத்துக்கு வாரேன்.

பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதான் நம்ம பழைய திருவிதாங்கூர் ராஜாக்கமாருக்க அரண்மனைக்கு, ஆப் செய்ய ஐடியா இருக்குன்னு நீ போட்ட லிஸ்ட பாத்தேன். மேப், க்விஸ், ஹெட்போன்ல ஆடியோ, த்ரீடி, டிக்கெட் புக்கிங், எல்லாம் இருக்கு, ஆனா இந்த ஆப் எதுக்குன்னு ஒத்த வரி இல்ல. அது இல்லாம கோடிங்ல கை வைக்காத.

நியூயார்க்ல இயற்கை வரலாற்று மியூசியம் 2010ல எக்ஸ்ப்ளோரர்னு ஒரு ஆப் விட்டாவ, அதுக்க முக்கிய வேலையே வழி காட்டுறதுதான், ஏன்னா அது பல கட்டிடம் சேந்த பெரிய எடம், டைனோசர் எங்கன்னு தேடியே கால் ஓஞ்சிரும். அதே ஊர்ல புரூக்ளின் மியூசியம் 2015ல ஆஸ்க்னு ஒண்ணு கொண்டுவந்துது, நீ ஒரு சிலைக்கு முன்னால நின்னு கேள்விய டைப் பண்ணினா வெவரம் தெரிஞ்ச ஸ்டாஃப் அப்பவே பதில் போட்டாவ. வாரவங்களுக்கு என்ன வேணும்னு முதல்ல பாத்தாவ, ஆளோட பேசணும்னுதான் ஆசைப்படுகாவன்னு தெரிஞ்சுது, அத வச்சு செஞ்சாவ. ரெண்டும் வேற வேற ஆப், ஏன்னா ரெண்டு எடத்துலயும் கொறை வேற.

நம்ம கொட்டாரத்துல வழி தப்பவே முடியாது கேட்டியா, ஒத்த வழி, ஏறி எறங்கி குனிஞ்சு முன்னால போறவனுக்க முதுக பாத்துட்டே வெளிய வந்துரலாம். மேப்ப எடுத்துரு. இங்க உள்ள கொறை என்னன்னா பாக்க வேண்டியது கண்ணாடிப் பெட்டியில இல்ல, மச்சும் (தலைக்கு மேல உள்ள மரக்கூரை) தரையும் ஜன்னலும்தான் காட்சிப்பொருளே. வாசல் மண்டபமான பூமுகத்து மச்சுல மரத்துல 90 வகை பூ செதுக்கியிருக்குன்னு சொல்லுவாவ, குதிரை மேல வீரன் இருக்குற தூக்கு விளக்கு தொங்குது, நம்ம ஆளுங்க அண்ணாந்து பாக்காம நேரா மாடிப்படிக்கு போயிருவாவ. ராஜா ஆலோசனை நடத்துன மந்திரசாலையில மைக்கா பதிச்ச ஜன்னல் வழியா வெளிச்சம் பதமா எறங்குகதும் அப்படித்தான். கண்ணாடி மாதிரி மினுங்குற கறுப்புத் தரைக்கு தேங்காச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்தாவன்னு சொல்லுவாவ, அது மேல நடந்துட்டே எங்க செருப்பு போட்டோம்னு பேசிட்டுப் போவாவ. எனக்கு நெஜமா வயிறு எரியும் மக்கா.

யாரு வாராவன்னும் பாரு. தனியா யாரும் வரல்ல, ஆச்சி, பேரப்பிள்ளைய, சித்தி, மாமான்னு கூட்டமாத்தான் வாராவ. இதுல ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிவிட்டா ஒண்ணா வந்தவங்களயும் பிரிச்ச மாதிரி ஆயிரும். எப்பவும் அந்தக் கூட்டத்துல போர்டு கண்டா வாய்விட்டு வாசிக்குற ஒரு பிள்ளை இருக்கும்லா? ஒனக்க ஆப் அந்தப் பிள்ளைக்குத்தான். அந்தப் பிள்ளைய குடும்பத்துக்கே கைடு ஆக்கணும், அதுதான் நான் சொல்ற ஒத்த வரி.

இத வச்சிட்டா மத்தது தானா தீரும். ஒரு அறைக்கு மூணு வரிக்கு மேல வேண்டாம், வாசிச்சா பேசுற மாதிரி கேக்கணும். “மேல பாருங்க, ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இருக்கான்னு தேடுங்க”, இப்படித்தான் தொடங்கணும், 1795ல தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன கதையெல்லாம் பாத்து முடிச்சவங்க தொட்டா வரட்டு. க்விஸ் வேண்டவே வேண்டாம், பிள்ளைய மச்ச விட்டுட்டு போனையே பாக்கும். டிக்கெட்டு தனி சமாச்சாரம். உள்ள நெட் கிடைக்கும்னு நம்பாத, மொத்தத்தையும் வாசல்லயே எறக்கிக்குற மாதிரி வை. மலையாளமும் கண்டிப்பா வேணும், 1956ல நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோட சேந்தாலும் கொட்டாரத்த பாத்துக்குறது கேரள தொல்லியல் துறைதான், அனுமதியும் அவியட்டதான் கேக்கணும், அங்கயிருந்து வார கூட்டமும் கொஞ்சநஞ்சம் இல்ல.

பூமுகம், மந்திரசாலை, சாப்பாட்டு மண்டபமான ஊட்டுப்புரை, இந்த மூணுக்கு மட்டும் நான் எழுதி அனுப்புகேன், நீ வேற எதுவும் சேக்காம போன்ல வர்ற மாதிரி மட்டும் செய். நவராத்திரிக்கு சரஸ்வதி அம்மன் இங்கயிருந்து திருவனந்தபுரம் எழுந்தருளுற சமயத்துல ஊருக்கு வா, ஒனக்க அக்கா பிள்ளையளயும் அம்மையயும் கூட்டிட்டுப் போயி அந்தப் பிள்ளைய கையில போன குடுத்துட்டு நாம பின்னால நடப்போம், அம்மை திருப்பி கேள்வி கேக்காளான்னு பாப்போம். திங்கக்கிழமை கொட்டாரம் லீவு, அதுக்கேத்தபடி டிக்கெட் போடு.